பள்ளிக்கூடம் முடிந்த பிறகு

புதிதாக ஒரு யூரி மங்கா கையில் கிடைத்தால் ஓவியம், கதை எல்லாவற்றுக்கும் முன்னால் நான் பார்ப்பது ஆட்களின் வயசைத்தான். இருவருக்கும் பதினாறு என்றால், சரி, பொறுமையாகப் படித்துக்கொள்ளலாம் என்று ஓரமாக வைத்துவிடுவேன். முப்பது தாண்டியவள், வேலைக்குப் போகிறாள், மாதக் கடைசியில் கை கடிக்கிறது என்று பின்னட்டையில் போட்டிருந்தால் அன்றைக்கு ராத்திரித் தூக்கம் போச்சு. (தெரியாதவர்களுக்கு: பெண்ணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான காதலைச் சொல்லும் மங்கா என்ற சித்திரக்கதை, அனிமே என்ற கார்ட்டூன் படம், நாவல் எல்லாவற்றையும் ஜப்பானில் யூரி என்பார்கள்.)

செய்தி என்று பார்த்தால் எப்போதும் அனிமேதான் முந்திக்கொண்டு வந்து நிற்கும். 2023 அக்டோபரில் ‘ஐ ஆம் இன் லவ் வித் த வில்லனஸ்’ வந்தது. அலுவலகத்தில் மாடாக உழைத்த ஒருத்தி, தான் விளையாடிய வீடியோ கேமுக்குள்ளேயே கண்விழித்து, அதன் வில்லியைத் துரத்தித் துரத்திக் காதலிக்கும் கூத்து. நடுவில் ஓர் இடத்தில் நீ பெண்களை விரும்புகிறவளா என்று தோழி நேராகக் கேட்டுவிடுவாள். அதுவரை ஓடிய கோமாளித்தனம் சட்டென்று நிற்கும். எல்லாவற்றையும் சிரிப்பாக்கிவிட்டால் மனசில் அடி குறைவாகப் படும் என்கிற மாதிரி கதாநாயகி பேசுவாள். அந்தச் சில நிமிடங்களுக்காகவே மீதி அசட்டுத்தனத்தையெல்லாம் மன்னித்துவிடலாம். 2024-ல் ‘விஸ்பர் மீ எ லவ் சாங்’. தயாரிப்புச் சிக்கலில் கடைசி அத்தியாயங்கள் வருஷக் கடைசி வரை தள்ளிப்போய், பாதிப் பேர் அதை மறந்தே போனார்கள். 2025 ஜூலையில் வந்த ‘வாதானாரே’ பற்றி என் சித்தி மகள் ஒரு வாரம் ஓயாமல் பேசினாள். காதலியாக இருப்பதா, தோழியாக இருப்பதா என்று இரண்டு பள்ளி மாணவிகள் பந்தயம் கட்டும் கலாட்டா அது. நானும் சிரித்துக்கொண்டேதான் பார்த்தேன். எனக்குப் பிடித்த புத்தகங்களை பதிலுக்கு அவளிடம் கொடுத்தபோதுதான் அவள் சொன்னாள், “அக்கா, நீ படிக்கச் சொல்ற கதைல எல்லாம் யாராவது பாத்திரம் கழுவிட்டே இருக்காங்க.”

குறை சொன்னாளா, பாராட்டினாளா தெரியவில்லை. ஆனால் யூரியில் இந்தப் பத்து வருஷத்தில் நடந்த பெரிய விஷயம் அந்தப் பாத்திரம் கழுவுவதுதான் என்பது என் கட்சி.

இந்த வகைக் கதைகள் ஏன் இத்தனை காலம் பள்ளி வளாகத்தை விட்டு நகரவில்லை என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. யோஷியா நொபுகோ (1896–1973) 1916 முதல் ‘ஹானா மோனோகாதாரி’ என்ற வரிசையில் 52 கதைகள் எழுதினார். ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் பெயர். மகளிர் பள்ளி, விடுதி, மூத்த மாணவி மேல் இளையவளுக்கு உருகும் நேசம், கண்ணீர், பிரிவு. அந்தக் காலத்து ஜப்பான் இந்த நேசத்தைப் பெரிதாகக் கண்டிக்கவில்லை. படிப்பு முடிந்தால் கல்யாணம், அதோடு இதுவும் தெளிந்துவிடும் என்ற நம்பிக்கைதான் காரணம். ஆக, கதைக்கு ஒரு கெடு இருந்தது. பள்ளிக் கடைசி நாள் வரைக்கும் என்ன வேண்டுமானாலும் உணரலாம், அதற்கு மேல் எழுத அனுமதி இல்லை.

எழுதியவர் வாழ்ந்தது வேறு மாதிரி. 1923-ல் யோஷியா, மொன்மா சியோ என்ற ஆசிரியையைச் சந்தித்தார். இருவரும் யோஷியா சாகும்வரை, ஐம்பது வருஷம், ஒன்றாகவே இருந்தார்கள். 1957-ல் யோஷியா சியோவைச் சட்டப்படி தத்தெடுத்துக்கொண்டார். ஆமாம், மகளாக! இரண்டு பெண்கள் ஒரே குடும்பம் என்று பதிவேட்டில் ஏற அதைவிட்டால் வேறு வாசல் இல்லை. கமாகுராவில் அவர்கள் இருந்த வீடு இப்போது நினைவில்லமாக இருக்கிறது. கதைகளில் அத்தனை பெண்களைப் பிரித்து அழவிட்டவர், தன் வீட்டில் அரை நூற்றாண்டு ஒருத்தியோடு சாப்பாட்டு மேசையைப் பகிர்ந்துகொண்டார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மேசையைப் பற்றித்தான் படிக்கத் தோன்றும்.

மங்காவுக்கு வந்தால், முதல் யூரி மங்கா என்று பலரும் சொல்வது யாமகிஷி ரியோகோ 1971-ல் வரைந்த ‘ஷிரோய் ஹெயா நோ ஃபுதாரி’. பிரான்சில் ஒரு விடுதிப் பள்ளி, ஓர் அறை, ரெசீன், சிமோன். ஊர்வாய்க்குப் பயந்து ரெசீன் விலகுகிறாள், சிமோன் செத்துப்போகிறாள். அதற்குப் பிறகு பல வருஷம் இதே பாட்டைத்தான் மாற்றி மாற்றிப் பாடினார்கள். ஒருத்தி சாக வேண்டும், இல்லையென்றால் ஒருத்திக்குக் கல்யாணம் ஆக வேண்டும். 2003-ல் ‘யூரி ஷிமாய்’, 2005-ல் ‘காமிக் யூரி ஹிமே’ என்று இதற்கென்றே பத்திரிகைகள் வந்தபோது சாவு குறைந்தது. சீருடை மட்டும் அப்படியே இருந்தது.

பள்ளிக்கதை என்றாலே எனக்கு ஆகாது என்று நினைத்துவிட வேண்டாம். நகதானி நியோவின் ‘ப்ளூம் இன்டு யூ’ (2015 முதல் 2019 வரை, 8 தொகுதிகள்) இன்றும் என் முதல் வரிசையில்தான் இருக்கிறது. ஒரு பையன் காதலைச் சொன்னபோதும் நெஞ்சில் ஒன்றும் படபடக்காத யூ; என்னைக் காதலிக்கவே மாட்டாய் என்பதால்தான் உன்னைக் காதலிக்கிறேன் என்று அவளிடம் சொல்லும் தோகோ. இந்த முடிச்சை எட்டுத் தொகுதிக்கும் தளராமல் இழுத்துப் பிடித்த சாமர்த்தியத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் அதில் திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பது ஓரத்தில் இருக்கும் இரண்டு பேரை. பள்ளிக்குப் பக்கத்தில் மியாகோ என்ற பெண் ஒரு சின்ன காபிக்கடை நடத்துகிறாள். அதே பள்ளியில் பாடம் நடத்தும் ரிகோ டீச்சர் அவளுடைய துணை. தோகோவை ஒருதலையாகக் காதலித்து உள்ளுக்குள் வெந்துகொண்டிருக்கும் சயாகா இந்த இருவரையும் கவனித்துவிடுகிறாள். அப்புறம் ஒருநாள் கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து மியாகோவிடம் பேச்சுக் கொடுக்கிறாள். மியாகோ பெரிய அறிவுரை எதுவும் சொல்வதில்லை. வேலை பார்த்துக்கொண்டே பதில் சொல்கிறாள். சயாகாவுக்கு வேண்டியதும் அறிவுரை இல்லை; வளர்ந்த பிறகும் இது போகாது, அப்படிப் போகாமலேயே ஒரு கடையை நடத்தி, ஒருத்தியோடு வாழ முடியும் என்பதைக் கண்ணால் பார்ப்பதுதான். பள்ளிக்கதைக்குள் பெரியவர்களை இப்படிக் கொண்டுவந்து வைத்த மங்கா எனக்குத் தெரிந்து குறைவு.

அந்த ஓரத்துப் பெண்களை நடுவுக்குக் கொண்டுவந்தால் எப்படி இருக்கும்? யூஸாகி சகாஓமியின் ‘சமைக்க ஆசைப்படும் பெண்ணும் சாப்பிட ஆசைப்படும் பெண்ணும்’ மாதிரி இருக்கும். ஜப்பானில் ரசிகர்கள் செல்லமாக ‘த்சுகுதாபே’ என்பார்கள். 2021-ல் புத்தகமாக வர ஆரம்பித்தது. ஆங்கிலத்தில் யென் பிரஸ் போடுகிறது.

கதை இவ்வளவுதான். நோமோதோவுக்குச் சமைப்பதில் கொள்ளைப் பிரியம், ஆனால் கொஞ்சமாகத்தான் சாப்பிட முடியும். அதே மாடியில் இரண்டு வீடு தள்ளி இருக்கும் கசுகா மலை மலையாகச் சாப்பிடுவாள். முதல் அத்தியாயத்தில் நோமோதோ அலுவலகத்தில் தன் டிபன் பாக்ஸைத் திறக்கிறாள். எட்டிப் பார்த்த ஆண் சக ஊழியர், நல்ல அம்மாவாக வருவீர்கள் என்று பாராட்டிவிட்டுப் போகிறார். அவள் சிரித்து வைக்கிறாள். உள்ளே குமைகிறாள். எனக்குப் பிடித்து எனக்காகச் செய்துகொள்வதை, இவர்களாக எவனோ ஒருத்தனுக்கான பணிவிடை என்று ஏன் கணக்கெழுதிக்கொள்கிறார்கள்? “உன்னைக் கட்டிக்கப் போறவன் குடுத்து வச்சவன்” என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கும் எந்தப் பெண்ணுக்கும் இந்தக் கட்டம் புரியும். நான் வத்தக்குழம்பு வைத்த நாளிலெல்லாம் கேட்டிருக்கிறேன்.

அந்தக் கோபத்தில் அன்று ராத்திரி தைவான் பாணிப் பன்றிக்கறிக் குழம்பும் சோறும் ஆக்கிவிடுகிறாள், ஓர் ஆள் சாப்பிடவே முடியாத அளவுக்கு. வேறு வழியில்லாமல் கசுகாவின் கதவைத் தட்டுகிறாள். கசுகா வருகிறாள், உட்காருகிறாள், சாப்பிடுகிறாள். இங்கே யூஸாகி செய்வதைக் கவனிக்க வேண்டும். உணவு மங்காவில் பெண் சாப்பிட்டால் கன்னம் சிவக்கும், கண்ணில் நட்சத்திரம் பறக்கும், வாசகனுக்கு ஒரு கிளுகிளுப்பு இருக்கும். இங்கே அதெல்லாம் கிடையாது. அகன்ற தோள், முகத்தில் ஒரு சலனமும் இல்லை, வாய் நிறையப் பெரிய கவளம், அடுத்தது, அதற்கு அடுத்தது. பேச்சே இல்லாமல் கட்டங்கள் நகர்கின்றன. எதிரே உட்கார்ந்து அதைப் பார்க்கும் நோமோதோவின் முகம்தான் மாறிக்கொண்டே போகிறது.

இன்னொரு இடம். கசுகா ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போகிறாள். பெண்பிள்ளைதானே என்று கடைக்காரர் சோற்றைக் குறைத்து வைத்துவிடுகிறார், அதுவும் ஏதோ உபகாரம் செய்கிற பாவனையில். எல்லாருக்கும் வைக்கிற அளவே வையுங்கள் என்கிறாள் கசுகா. குரல் உயரவில்லை, சண்டை இல்லை. ஆனால் பின்னால் அவள் பிறந்த வீட்டைக் காட்டும்போது அந்தக் கிண்ணம் எங்கிருந்து வருகிறது என்று தெரிகிறது. அங்கே அப்பாவுக்கும் தம்பிக்கும் தட்டு நிறைய, இவளுக்கு மிச்சம் மீதி. பாட்டியைப் பார்த்துக்கொள்ள ஊருக்கு வா என்று அதே அப்பா பிறகு போன் போடுகிறார். அவள் போவதில்லை. பெற்ற தகப்பனுக்கு முடியாது என்று சொல்லிவிட்டு அவள் போனை வைக்கும் இடத்தில், அடடா, பாவம் என்று நம் ஊர் வாசகர் யாராவது அப்பாவுக்காக வருத்தப்படுவார் என்று நினைக்கிறேன். மங்கா வருத்தப்படுவதில்லை.

நோமோதோ தான் யார் என்று தெரிந்துகொள்வதும் பெரிய காட்சியாக வரவில்லை. இத்தனை வயசுக்கு மேல், வீட்டில் தனியாக உட்கார்ந்து இணையத்தில் தேடுகிறாள், பெண்களின் காதல் பற்றிய படங்களைத் தேடிப் பார்க்கிறாள், நான் லெஸ்பியன் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்க்கிறாள். பழைய யூரியில் நீ பெண்ணாக இருப்பதால் இல்லை, நீயாக இருப்பதால் காதலிக்கிறேன் என்று ஒரு வசனம் வராமல் இருக்காது. அழகான வசனம்தான், ஆனால் நழுவுகிற வசனம். இவள் நழுவவில்லை. இணையத்தில் கிடைத்த தோழி யாகோவும் லெஸ்பியன்தான். மற்றவர்கள் முன்னால் சாப்பிடவே முடியாத நகுமோ என்ற பெண் பக்கத்து வீட்டுக்குக் குடிவருகிறாள். சாப்பாட்டைச் சுற்றியே கட்டிய கதையில், சாப்பிட முடியாதவளுக்கும் ஓர் இடம் போட்டு வைத்தது எனக்கு ரொம்பப் பிடித்தது.

குறையும் உண்டு. சில அத்தியாயங்கள் விழிப்புணர்வுத் துண்டுப்பிரசுரம் மாதிரி ஆகிவிடுகின்றன. இந்தச் சின்ன வட்டத்துக்குள் எல்லாரும் ரொம்பப் பக்குவமாகப் பேசுகிறார்கள். ஒருத்தியாவது அபத்தமாக ஏதாவது உளறித் தொலைத்தால் தேவலை என்று எனக்குத் தோன்றியிருக்கிறது. ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்ஹெச்கே 2022 கடைசியில் இதைப் பதினைந்து நிமிடத் தொடராக எடுத்தது. 2024 ஜனவரியில் இரண்டாம் பாகம். நோமோதோவாக ஹிகா மனாமி. கசுகாவாக நடித்த நிஷினோ எமி அடிப்படையில் இசைக்கலைஞர். நடிப்புப் பழக்கம் இல்லாததாலோ என்னவோ, அவர் சாப்பிடும்போது நிஜமாகவே சாப்பிடுகிற மாதிரி இருக்கிறது. இரண்டாம் பாகத்தில் இருவரும் சேர்ந்து வாழ வீடு தேடுகிறார்கள். வீட்டுத் தரகர் எதிரே உட்காரும்போது தங்கள் உறவை என்னவென்று சொல்வது என்ற இடத்தில் இருவருக்கும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

அந்த நாக்கு ஒட்டலுக்குப் பின்னால் நிஜமான சட்டம் இருக்கிறது. ஜப்பானில் இன்றும் தன்பால் திருமணம் கிடையாது. 2015-ல் டோக்கியோவின் ஷிபுயா தொடங்கிவைத்த, தன்பால் இணைகளுக்கான உள்ளாட்சிச் சான்றிதழ்கள் பல ஊர்களுக்குப் பரவின. ஆனால் அவை திருமணப் பதிவுக்கு ஈடாகாது. 2024 மார்ச்சில் சப்போரோ உயர் நீதிமன்றம் இந்தத் தடை அரசியலமைப்புக்கு விரோதம் என்றது. டோக்கியோ, ஃபுகுஓகா, நகோயா, ஒசாகா என்று வரிசையாக அதே தீர்ப்பு. அப்புறம் 2025 நவம்பரில் டோக்கியோ உயர் நீதிமன்றத்தின் இன்னொரு அமர்வு, விரோதம் இல்லை என்று குறுக்கே போட்டது. இனி உச்ச நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும்.

இதோடு சேர்த்துத்தான் 2023-ல் நடந்த ஒரு கேலிக்கூத்தைச் சொல்ல வேண்டும். ‘குண்டம்: த விட்ச் ஃப்ரம் மெர்குரி’ அனிமே. மங்கா இல்லை, ஆனாலும் பொருந்தும். சுலெத்தாவும் மியோரினேயும் முதல் அத்தியாயத்திலேயே நிச்சயமாகி, கடைசியில் விரலில் மோதிரத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். மியோரினே தன் துணையின் அக்காவிடம் நாத்தனாரிடம் பேசுகிற மாதிரிதான் பேசுவாள். ஜூலையில் வந்த ஒரு பத்திரிகைப் பேட்டியில் சுலெத்தாவுக்குக் குரல் கொடுத்தவர் அவர்களுக்குக் கல்யாணமானதைப் பற்றிச் சொல்லியிருந்தார். அச்சில் அது இருந்தது, டிஜிட்டல் பதிப்பில் அந்தச் சொல் காணாமல் போனது. ரசிகர்கள் கொதித்ததும் நிறுவனம் அறிக்கை விட்டது: அதை அவரவர் புரிதலுக்கு விட்டுவிடுகிறோம் என்று. மோதிரத்தை வரைந்து காட்டலாம், ஆனால் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. இந்தப் பயம் பிடித்த பெரிய முதலாளிகளுக்கு நடுவில்தான் த்சுகுதாபே மாதிரி ஒன்று பொது ஒளிபரப்பில் ஓடியது என்பதையும் பார்க்க வேண்டும்.

பெரியவர்கள் கதை என்றால் இனிப்பாகத்தான் இருக்க வேண்டுமா என்ன? ‘ஹவ் டு வி ரிலேஷன்ஷிப்?’ எழுதிய தாமிஃபுல், மற்றவர்கள் முடிக்கும் இடத்தில் ஆரம்பித்தார். கல்லூரி முதல் வருஷம், மிவாவும் சேகோவும் ஒருவரையொருவர் கண்டுகொள்கிறார்கள். நாமே சேர்ந்து பழகலாமே என்று முதல் அத்தியாயத்திலேயே பேசி முடித்துவிடுகிறார்கள். மீதியெல்லாம் அதற்கப்புறம். படுக்கையில் ஒத்துப்போகாத சங்கடம், நண்பர்களிடம் யார் எப்போது சொல்வது, பொறாமை, கடைசியில் பிரிவு. பிரிந்த பிறகும் தொடர் ஓடுகிறது, இருவருக்கும் வேறு வேறு காதல்கள் வருகின்றன. பிரிவு என்றால் ஒருத்தி சாக வேண்டியதில்லை, அடுத்த வாரம் அதே இசைக் குழு பயிற்சியில் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான் என்பதை இவ்வளவு எரிச்சலும் கரிசனமுமாக வேறு யாரும் வரைந்து நான் பார்க்கவில்லை.

ஷிமுரா தகாகோவின் ‘ஈவன் தோ வி ஆர் அடல்ட்ஸ்’ இன்னும் சிக்கலானது. ஆயானோ ஆரம்பப் பள்ளி ஆசிரியை. மதுக்கடையில் சந்தித்த அகாரியோடு மனசு ஒட்டிக்கொள்கிறது. தனக்குக் கல்யாணமாகிவிட்டது என்பதை மட்டும் சொல்லவில்லை. பிறகு கணவனோடு அதே கடைக்கு வந்து நிற்கிறாள்! கணவன் கெட்டவனாக இருந்திருந்தால் வேலை சுலபம். அவன் நல்லவன், குழப்பத்தில் இருக்கிறவன். மாமியார் வீட்டோடு போய் இருப்பது பற்றிய பகுதிகளைப் படிக்கும்போது இது டோக்கியோவா கும்பகோணமா என்று கேட்கத் தோன்றும். நடுவில் மூன்று தொகுதி இழுவைதான். ஷிமுரா எப்போதும் அப்படித்தான்.

நாகாதா கபியை இந்த வரிசையில் எங்கே வைப்பதென்று எனக்கு எப்போதும் குழப்பம். 2016-ல் வந்த ‘மை லெஸ்பியன் எக்ஸ்பீரியன்ஸ் வித் லோன்லினஸ்’ காதல் கதையே இல்லை, அவருடைய சொந்தக் கதை. இருபத்தெட்டு வயசு வரை யாரும் தொட்டதில்லை, மன அழுத்தம், சாப்பாட்டுக் கோளாறு, அம்மாவின் அணைப்புக்கான ஏக்கம். ஒரு பெண் பாலியல் தொழிலாளியைச் சந்திக்க அறை எடுக்கிறாள். அந்தக் கட்டிலில் இருந்துதான் புத்தகம் தொடங்குகிறது. இளஞ்சிவப்பும் கறுப்பும் மட்டும். 2018-ல் இதற்கு காமிக்ஸுக்கான ஹார்வி விருது கிடைத்தது. அடுத்தடுத்த புத்தகங்களில் குடி, கணைய அழற்சி, ஆஸ்பத்திரி. தன்னைப் பற்றி எழுதியே பிழைப்பவள், எழுதியதை வீட்டார் படித்தபோது நொறுங்குவதையும் எழுதுகிறாள். எல்லாரையும் படிக்கச் சொல்ல மாட்டேன். மனசு சரியில்லாத நேரத்தில் எடுக்கவே எடுக்காதீர்கள்.

ஜப்பானில் முப்பதைத் தொட்டுவிட்டார்கள். நாற்பது, ஐம்பது? அங்கே இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. அதைப் பார்க்க அமெரிக்காவுக்குப் போக வேண்டும்: ஆலிசன் பெக்டெல். 1983-ல் இருந்து 2008 வரை ‘டைக்ஸ் டு வாட்ச் அவுட் ஃபார்’ என்ற தொடரில் ஒரு லெஸ்பியன் நட்பு வட்டத்தை அவர்களுக்கு வயசாக ஆகக் கூடவே வரைந்துகொண்டு வந்தவர். அப்பாவைப் பற்றிய ‘ஃபன் ஹோம்’ (2006) பிராட்வே இசை நாடகமாகி 2015-ல் ஐந்து டோனி விருதுகளை அள்ளியது. அப்படிப் பேரும் பணமும் வந்த பிறகு தனக்கு என்ன ஆனது என்று தன்னையே நக்கலடிக்கிற புத்தகம் 2025 மே மாதம் வந்த ‘ஸ்பென்ட்’. வெர்மான்டில் குட்டை ஆடுகளுக்கு ஒரு சரணாலயம் நடத்தும் ‘ஆலிசன்’ என்ற கார்ட்டூனிஸ்ட், தன் நினைவுக்குறிப்பை டிவிக்காரர்கள் கண்டபடி மாற்றுவதைப் பார்த்துப் பொருமுகிறாள், முதலாளித்துவத்தை எதிர்த்துப் புத்தகம் போடத் திட்டம் தீட்டுகிறாள், இடையில் இணையத்தில் சாமானும் வாங்குகிறாள். விறகு பிளக்கும் வீடியோ ஒன்றில் துணைவி ஹாலி பிரபலமாகிவிட, இவளுக்குப் பற்றி எரிகிறது. அத்தியாயத் தலைப்புகளை மார்க்ஸின் ‘மூலதனம்’ நூலில் இருந்து உருவியிருக்கிறார். அதற்கே எனக்கு அரை மணி நேரம் சிரிப்பு வந்தது.

பழைய தொடரின் ஆட்களான லோயிஸ், ஜிஞ்சர், ஸ்பாரோ, ஸ்டூவர்ட் எல்லாரும் இதில் வருகிறார்கள், நரைத்த தலையோடு, ஒரே வீட்டில் கூட்டாக வாழ்ந்துகொண்டு. மூட்டு வலிக்கிறது, அரசியல் பேச்சில் சண்டை வருகிறது, இந்த வயசில் புதுக் காதலும் முளைத்துக் குழப்புகிறது. யாரும் யாருக்கும் தன்னை நிரூபிக்க வேண்டியதில்லை. லெஸ்பியனாக இருப்பது அவர்களுக்குப் பிரச்சினையாகவே இல்லாமல் போய் ரொம்ப நாளாகிவிட்டது. வேறு பிரச்சினைகள் ஏராளம்.

நம் பக்கத்தில் அம்ருதா பாட்டீலின் ‘காரி’ (2008) இருக்கிறது. மும்பையில் விளம்பர நிறுவனத்தில் வேலை பார்க்கும் காரி, ரூத் என்ற காதலியோடு மாடியில் இருந்து குதித்துப் பிழைத்த பிறகு தொடங்கும் கிராஃபிக் நாவல். வேலை, வாடகைக் கூட்டாளிகள், நாற்றமடிக்கும் ஊர் என்று முதல் நாளிலேயே வளர்ந்தவளாக வந்தவள் அவள். வந்து இத்தனை வருஷமாகியும் பக்கத்தில் வைக்க இன்னொரு புத்தகத்தை இந்தியாவில் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. தமிழில், காமிக்ஸ் என்றால் சிவகாசியில் இருந்து வரும் கௌபாய்களையும் துப்பறிவாளர்களையும் கொண்டாடுகிற நாம், அந்தப் பக்கம் ஒரு எட்டுக்கூட இன்னும் வைக்கவில்லை.

எதில் ஆரம்பிக்கலாம் என்று கேட்பவர்களுக்கு என் பதில் த்சுகுதாபேதான். பசியோடு எடுக்காதீர்கள். ‘ஸ்பென்ட்’ படிக்க முந்தைய தொடரைப் படித்திருக்க வேண்டுமா என்று கேட்டால், வேண்டியதில்லை. ஆனால் படித்துவிட்டுப் போனால் லோயிஸ் முதல் தடவை தலைகாட்டும் பக்கத்தில் ஊர்க்காரியைப் பார்த்த மாதிரி இருக்கும். சித்தி மகள் இப்போது ‘ஹவ் டு வி ரிலேஷன்ஷிப்?’ இரண்டாம் தொகுதியில் இருக்கிறாள். அவர்கள் பிரியப் போவதை நான் இன்னும் சொல்லவில்லை.